சிறுவர் பாடகர் குழுவுக்கு இரவு முகாம் நடத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஆலயத்தில் கூடிப் பாடும் பிள்ளைகள், ஆண்டு முழுவதும் பாடினாலும் ஒருவர் குரலை ஒருவர் கேட்கப் பழகாமலேயே இருந்துவிடுவது உண்டு. வந்தவுடன் பாடத் தொடங்கி, முடிந்தவுடன் பெற்றோரோடு கிளம்பிவிடுகிற பிள்ளைக்கு, பக்கத்தில் நிற்பவர் எங்கே மூச்செடுக்கிறார் என்று கவனிக்க நேரமே கிடைப்பதில்லை. ஓர் இரவும் ஒரு பகலும் சேர்ந்து உண்டு, உறங்கி, ஜெபித்துப் பாடும்போது அந்தக் கவனம் தானாக வளரத் தொடங்குகிறது. இது புதிய எண்ணமன்று. ஜெர்மனியில் லைப்ஸிக் நகரின் புனித தோமா ஆலயப் பாடகர் குழு 1212 முதல் இன்றுவரை விடுதியில் சேர்ந்து வாழும் சிறுவர்களைக் கொண்டே இயங்கி வருகிறது. இங்கிலாந்தில் சிட்னி நிக்கல்சன் 1927-இல் தொடங்கி, இன்று ராயல் ஸ்கூல் ஆஃப் சர்ச் மியூசிக் என்று அறியப்படும் அமைப்பும் சிறுவர்கள் தங்கிப் பயிலும் பாடல் முகாம்களை நடத்துகிறது.

எனவே முகாமைக் கூடுதல் பயிற்சி நேரமாக எண்ணித் திட்டமிட வேண்டாம். பிள்ளைகள் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டுமானால் அவர்கள் அச்சமின்றி இருக்க வேண்டும், போதிய அளவு உறங்க வேண்டும், இடையிடையே அமைதியும் வேண்டும். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் இந்த மூன்றையும் உறுதிசெய்வதற்காகவே.

முதற்படி: அளவை முடிவு செய்தல்

முகாமுக்கு நான்கு மாதங்களுக்கு முன்பே வேலையைத் தொடங்குங்கள். முதல்முறை நடத்துவோருக்கு ஓர் இரவு போதும்: வெள்ளிக்கிழமை மாலை வந்து சேர்ந்து, சனிக்கிழமை மாலை பெற்றோர் முன்னிலையில் ஒரு சிறிய ஆராதனையோடு முடிப்பது நல்லது. சனிக்கிழமை இரவு தங்க வைத்து மறுநாள் காலை ஆலயத்தில் பாட வைக்கலாம் என்று பலருக்குத் தோன்றும். ஆனால் புது இடத்தில் முதல் இரவு பிள்ளைகள் சரியாகத் தூங்குவதில்லை. அந்தக் களைப்போடு முழுச் சபையின் முன் அவர்களை நிறுத்துவது குரலுக்கும் நல்லதல்ல, மனதுக்கும் நல்லதல்ல. முகாமில் கற்றதை அடுத்த ஞாயிற்றுக்கிழமையோ அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையோ பாடட்டும்.

வயது வரம்பு 8 முதல் 13 வரை இருந்தால் ஒரே பாடலை எல்லோருக்கும் கற்பிக்க முடியும். எட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் பகல் நேரத்துக்கு மட்டும் வந்து போகலாம். எண்ணிக்கையைப் பொறுத்தவரை, முதல் முகாமுக்கு 24 பிள்ளைகளுக்கு மேல் சேர்க்காமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து. அந்த அளவில்தான் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் குரலும் முதல் மாலையிலேயே பயிற்றுநருக்குப் பழக்கமாகும்.

இரண்டாம் படி: பிள்ளைகளின் பாதுகாப்பு

பாடலைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். இறைநம்பிக்கை சார்ந்த இடம் என்பதாலேயே அங்கே தீங்கு நேராது என்று நினைப்பது மிகப் பெரிய ஆபத்து. ஜெர்மனியின் ரேகன்ஸ்பூர்க் பேராலயச் சிறுவர் பாடகர் குழுவைப் பற்றி 2017-இல் வெளியான விசாரணை அறிக்கை, பல பத்தாண்டுகளில் குறைந்தது 547 சிறுவர்கள் அங்கே வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னது. புகழும் பக்தியும் நிறைந்த ஓரிடத்தில், பெரியவர்கள்மீது எல்லோரும் வைத்திருந்த நம்பிக்கையின் மறைவிலேயே அது நடந்தது. ஆகவே நல்லவர், நெடுநாள் தெரிந்தவர், ஆலயத்தில் பொறுப்பில் இருப்பவர் என்ற காரணங்களுக்காக எவருக்கும் விதிவிலக்குத் தரக் கூடாது.

முகாமில் பணியாற்றும் ஒவ்வொருவரின் பின்னணியையும் உங்கள் நாட்டுச் சட்டம் சொல்லும் முறைப்படி சரிபார்க்க வேண்டும். சமையலுக்கு வருபவரும், ஒரு மணி நேரம் மட்டும் ஆர்கன் வாசிக்க வருபவரும் இதில் அடங்குவர். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் பிறர் கண்ணுக்குப் படாத இடத்தில் தனியாக இருக்கக் கூடாது. தனிக்குரலில் பாடும் பிள்ளைக்குத் தனியாகப் பயிற்சி தர வேண்டியிருந்தால் கதவு திறந்திருக்க வேண்டும், இன்னொரு பெரியவரும் அந்த அறையில் இருக்க வேண்டும். மூச்சுப் பயிற்சி என்ற பெயரில் பிள்ளையின் வயிற்றிலோ விலாவிலோ பயிற்றுநர் கை வைப்பது பழைய வழக்கம். அதை முற்றிலும் விட்டுவிடுங்கள். பிள்ளை தன் கையைத் தன் விலாவில் வைத்துப் பார்த்தாலே போதும்.

பெரியவர்களின் எண்ணிக்கைக்கு அமெரிக்க முகாம் சங்கத்தின் அளவைப் பின்பற்றலாம்: இரவு தங்கும் முகாமில் 6 முதல் 8 வயதுவரை ஆறு பிள்ளைகளுக்கு ஒருவர், 9 முதல் 14 வயதுவரை எட்டுப் பிள்ளைகளுக்கு ஒருவர். உங்கள் நாட்டு விதி இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுவே பொருந்தும். பாட்டுப் பயிற்றுநரை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம், ஏனெனில் கை அசைத்துப் பாட வைத்துக்கொண்டிருப்பவரால் வெளியே சென்ற பிள்ளையைத் தேடிப் போக முடியாது. ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த எதையாவது சொன்னால் யார் கேட்பது, எங்கே எழுதி வைப்பது, எந்த அதிகாரிக்கு அன்றே தெரிவிப்பது என்பதை எழுத்தில் வைத்து, எல்லாத் தன்னார்வலர்களையும் கையொப்பமிடச் செய்யுங்கள். முகாமுக்கு வெளியே உள்ள ஒருவரின் தொலைபேசி எண்ணும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் படி: இடம்

இடத்தைப் பார்க்கப் போகும்போது இரவில் ஒருமுறையும் பகலில் ஒருமுறையும் போங்கள். படுக்கையறையிலிருந்து கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு இருக்கிறதா என்பது பகலில் தெரியாது. ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனி அறையும் கழிப்பறையும் வேண்டும். பெரியவர்கள் அருகிலுள்ள வேறு அறையில் தங்க வேண்டும். அவசரத்தில் வெளியேறக் குறைந்தது இரண்டு வழிகள் இருக்க வேண்டும்.

பாடும் அறை மிக அதிகமாக எதிரொலிக்கக் கூடாது. பெரிய கற்கூடத்தில் பிள்ளைகளின் குரல் அழகாகக் கேட்கும் என்பது உண்மைதான், ஆனால் அந்த அழகு தவறுகளையும் மூடிவிடும். துணித் திரையும் மர நாற்காலிகளும் உள்ள நடுத்தர அறை பயிற்சிக்கு நல்லது. நிறைவு ஆராதனையை மட்டும் பெரிய கூடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

நான்காம் படி: பெற்றோரிடம் பெற வேண்டியவை, சொல்ல வேண்டியவை

ஒப்புதல் படிவத்தில் பிள்ளையின் ஒவ்வாமை, மருந்துகள், ஆஸ்துமா, வலிப்பு, உறக்கத்தில் நடத்தல், படுக்கையை நனைத்தல், இதற்கு முன் வீட்டுக்கு வெளியே தங்கிய அனுபவம் ஆகியவை கேட்கப்பட வேண்டும். பிள்ளையை அழைத்துப் போக உரிமையுள்ளவர் யார் என்பதும், உரிமையில்லாதவர் எவரேனும் உண்டா என்பதும் அதே படிவத்தில் இருக்கட்டும். மருந்துகளை மூல உறையோடும், அளவும் நேரமும் எழுதிய தாளோடும் ஒரே பொறுப்பாளர் பெற்றுக்கொண்டு, கொடுக்கும் ஒவ்வொரு முறையும் குறித்து வைக்க வேண்டும். ஆனால் ஆஸ்துமா இன்ஹேலரையும், கடும் ஒவ்வாமைக்கான எபிநெஃப்ரின் ஊசியையும் பூட்டிய பெட்டியில் வைக்கக் கூடாது. அவை பிள்ளை இருக்கும் இடத்திலேயே, உடனே எடுக்கும்படி இருக்க வேண்டும்.

முகாமில் என்ன ஜெபிக்கப்படும், என்ன போதிக்கப்படும் என்பதையும் பெற்றோருக்கு முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள். பாட்டு பிடித்ததனால் மட்டும் வருகிற வேறு சபையைச் சேர்ந்த அல்லது வேறு சமயத்தைச் சேர்ந்த பிள்ளைகளும் இருக்கலாம். அவர்களுடைய பெற்றோர் எதையும் பின்னர் அறிந்து திடுக்கிடும்படி விடுவது நேர்மையாகாது.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோளையும் வையுங்கள். “பிடிக்காவிட்டால் ஒரு போன் போடு, உடனே வந்து கூட்டிப்போகிறேன்” என்று பிள்ளையிடம் சொல்ல வேண்டாம். அன்பினால் சொல்லப்படும் இந்த வாக்கு, உன்னால் அங்கே இருக்க முடியாது என்று அம்மாவே நினைக்கிறாள் என்பதாகப் பிள்ளையின் காதில் விழுகிறது. அதற்குப் பதிலாக, முகாமுக்கு முன் ஓர் இரவு பாட்டி வீட்டிலோ நண்பர் வீட்டிலோ தங்கிப் பழகச் செய்வது மிகுந்த பயன் தரும்.

ஐந்தாம் படி: பாடல்கள்

நான் முதன்முதலாக நடத்திய முகாமில் ஓர் இரவுக்கு எட்டுப் பாடல்களை வைத்தேன். சனிக்கிழமை மதியத்துக்குள் பிள்ளைகளின் குரல் கரகரத்துவிட்டது, எட்டில் ஒன்றுகூட மனதில் நிற்கவில்லை. இப்போது நான்கோடு நிறுத்திக்கொள்கிறேன்: பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்று, ஒரே ராகத்தைப் பிரிவு பிரிவாகத் தொடங்கிப் பாடும் சுழற்பாடல் ஒன்று, இரண்டு குரலில் அமைந்த புதிய பாடல் ஒன்று, இரவு ஜெபத்துக்கான குறும்பல்லவி ஒன்று. நான்கும் நிறைவு ஆராதனையில் இடம்பெற வேண்டும்; பாடப்படாத பாடலுக்காக உழைக்க வைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி.

சுருதியைத் தேர்ந்தெடுப்பதில்தான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. பெரியவர்களுக்கு வசதியான தாழ்ந்த சுருதியில் பாட வைத்தால் பிள்ளைகள் பேசும்போது வருகிற கனத்த மார்புக்குரலில் கத்தத் தொடங்குவார்கள். உயர்ந்த ஸ்வரங்களில் இயல்பாக வரும் அவர்களுடைய மென்மையான தலைக்குரல் வெளிவராது. ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பியானோவின் நடு ‘சி’-க்கு அடுத்த ‘டி’ முதல் மேல் ‘டி’ வரையிலும், ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ளவர்களுக்கு நடு ‘சி’ முதல் மேல் ‘எஃப்’ வரையிலும் பெரும்பாலும் இயல்பாக இருக்கும். சபையில் தாழ்வாகப் பாடப்படும் ராகத்தைப் பிள்ளைகளுக்காக ஒரு முழு ஸ்வரம் உயர்த்திப் பாருங்கள், ஒலி உடனே தெளிவடைவதைக் கேட்பீர்கள்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயது ஆண் பிள்ளைகளில் சிலருக்குக் குரல் உடையத் தொடங்கியிருக்கும். அவர்களை வாயசைக்கச் சொல்வதோ பக்கம் திருப்பும் வேலை கொடுப்பதோ மனதைப் புண்படுத்தும். நான்கைந்து ஸ்வரங்களுக்குள் அடங்கும் ஒரு தனி வரியை அவர்களுக்கென்று எழுதிக் கொடுங்கள். அந்த வரி பாட்டுக்கே அடித்தளமாகட்டும். பெண் பிள்ளைகளின் குரலும் இவ்வயதில் மாறுகிறது, சில மாதங்கள் காற்று கலந்து ஒலிக்கும். அது குறையன்று என்று அவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

அச்சுத்தாள்களை நகலெடுக்கும் முன் உரிமையைச் சரிபாருங்கள். ராகம் நூற்றாண்டுகள் பழையதாக இருந்தாலும், அதன் மொழிபெயர்ப்புக்கோ புதிய குரலமைப்புக்கோ தனிப் பதிப்புரிமை இருக்கலாம். ஆலயத்தில் பயன்படுத்துவதால் எதையும் படியெடுக்கலாம் என்பது தவறான எண்ணம்.

ஆறாம் படி: நேர அட்டவணை

அட்டவணையை உறக்கத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கி எழுதுங்கள். 6 முதல் 12 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் தேவை என்பது அமெரிக்க உறக்க மருத்துவக் கழகத்தின் பரிந்துரை. காலை 6.45-க்கு எழுப்புவதானால், இளையவர்களுக்கு இரவு 9 மணிக்கும் மூத்தவர்களுக்கு 9.30-க்கும் விளக்கணைய வேண்டும். இதை முதலில் தாளில் எழுதிவிட்டு மீதி நேரத்தை மட்டும் பங்கிடுங்கள்.

வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு வருகை. அறை, விதிமுறைகள், அவசர வெளியேற்றப் பயிற்சி ஆகியவற்றுக்குப் பின் 6 மணிக்கு நாற்பது நிமிடம் பாட்டு. 7 மணிக்கு இரவுணவு, 8 மணிக்கு இருபது நிமிடம் சுழற்பாடல், 8.30-க்கு இரவு ஜெபம். சனிக்கிழமை 7.30-க்குக் காலை ஜெபத்தில் பேசும் குரலில் வாசிப்பு மட்டும். எழுந்தவுடன் உச்ச ஸ்வரம் பாட வைக்கக் கூடாது. 9 மணிக்கு நாற்பத்தைந்து நிமிடம் எல்லோரும் சேர்ந்து பயிற்சி, 10 மணிக்கு நாற்பது நிமிடம் குரல்வாரியாகப் பிரிந்து பயிற்சி, பின் ஒரு மணி நேரம் விளையாட்டு, 11.45-க்கு அரை மணி நேரம் பாட்டு. மதிய உணவுக்குப் பின் 1.30 முதல் 2.30 வரை மௌன நேரம். 2.30-க்கு நாற்பது நிமிடம், 4 மணிக்கு ஆராதனைக் கூடத்தில் நின்று பார்க்கும் அரை மணி நேரம், 5 மணிக்கு நிறைவு ஆராதனை. அந்த நாளின் பயிற்சி மொத்தம் மூன்று மணி நேரத்தைச் சற்றே தாண்டும். இதற்கு மேல் கூட்டாதீர்கள்.

விளையாட்டைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். பயிற்சியைவிட விளையாட்டுக் கூச்சலே குரலை அதிகம் கெடுக்கிறது. சைகையால் ஆடும் விளையாட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு ஒலியைப் பின்தொடரும் விளையாட்டு போன்றவை குரலையும் காக்கும், காதையும் கூர்மையாக்கும். கரகரத்த பிள்ளையிடம் கிசுகிசுத்துப் பேசச் சொல்ல வேண்டாம், அதுவும் குரல்நாண்களைச் சிரமப்படுத்தக்கூடும். சிறிது நேரம் பேசாமல் தண்ணீர் குடித்து இருக்கட்டும்.

ஏழாம் படி: பயிற்சியை நடத்தும் முறை

முதல் ஐந்து நிமிடம் உடலைத் தளர்த்துதல், அடுத்த ஐந்து நிமிடம் மேலிருந்து கீழே வழுக்கி இறங்கும் ஒலிகள். கீழிருந்து மேலே ஏறும் பயிற்சியில் மார்புக்குரல் மேலே இழுபடும். மேலிருந்து இறங்கும்போது தலைக்குரல் கீழேவரை தொடர்ந்து வரும்.

புதிய பாடலைத் தாள் கொடுக்காமல் காதால் கற்பியுங்கள். பயிற்றுநர் ஒரு வரி பாட, பிள்ளைகள் கேட்டுத் திருப்பிப் பாட வேண்டும். அவர்கள் பாடும்போது பயிற்றுநர் பாடக் கூடாது, ஏனெனில் தன் குரலைக் கேட்டுக்கொண்டே பிள்ளைகளின் குரலைச் செவ்வையாகக் கேட்க எவராலும் இயலாது. மூன்றாவது நான்காவது முறைக்குப் பின் தாளைக் கொடுத்தால், தங்களுக்குத் தெரிந்த ஒன்று எழுத்தில் எப்படி இருக்கிறது என்று ஆவலோடு பார்ப்பார்கள். இங்கிலாந்தில் சாரா குளோவர் வகுத்த முறையை 19-ஆம் நூற்றாண்டில் போதகராக இருந்த ஜான் கர்வென் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை மனதில் வைத்து விரித்தெழுதிய டானிக் சோல்ஃபாவும் (ஸ்வரங்களை டோ, ரே, மீ என்ற அசைகளால் பாடும் முறை), அதன் கைச்சைகைகளும் இதற்கு மிகவும் ஏற்றவை. ஒரு கையால் முதல் குரலுக்கும் மறு கையால் இரண்டாம் குரலுக்கும் சைகை காட்டினால், ஒரு சொல்லும் பேசாமல் இரண்டு குரல் இணைவதைப் பிள்ளைகள் கேட்பார்கள்.

சுழற்பாடலைக் கற்பிக்கும்போது பிரிவுகளைத் தனித்தனி மூலைகளில் நிறுத்தும் வழக்கம் உண்டு. அது பாதுகாப்பாகத் தோன்றினாலும், அவரவர் தம் பிரிவுக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். ராகம் உறுதியானதும் எல்லோரையும் கலந்து வட்டமாக நிறுத்தி, வலப்பக்கம் நிற்பவர் வேறு வரியைப் பாடுவதைக் கேட்டபடியே தன் வரியைப் பாடச் சொல்லுங்கள். முதலில் சரியும். பயிற்றுநர் நிறுத்தாமல் பொறுமையோடு விட்டால், பிள்ளைகளே சத்தத்தைக் குறைத்து ஒருவரையொருவர் தேடத் தொடங்குவார்கள். முகாம் முழுவதிலும் நான் மிகவும் எதிர்பார்த்துக் காத்திருக்கும் நேரம் அது.

ஒவ்வொரு பாடலின் பொருளையும் இரண்டு நிமிடமாவது பேசுங்கள். இது யார் யாரிடம் சொல்வது, நன்றியா, மன்றாட்டா, அழுகையா என்று கேளுங்கள். சொல்லின் பொருள் தெரிந்த பிள்ளை அந்தச் சொல்லின் நடுவே மூச்செடுக்காது.

எட்டாம் படி: இரவு ஜெபமும் இரவும்

உறங்குமுன் ஜெபிக்கும் வழிபாடு திருச்சபையில் மிகப் பழையது. 6-ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த துறவற விதிமுறை, ஒவ்வோர் இரவும் 4, 91, 134 ஆகிய சங்கீதங்களைச் சொல்லச் சொல்கிறது. நான்காம் சங்கீதம் சமாதானத்தோடு படுத்துறங்குவதைச் சொல்லி முடிவதால், பிள்ளைகளுக்கு அதைவிடப் பொருத்தமான வாசிப்பு இல்லை. பிரான்சில் 1940-இல் சகோதரர் ரோஜர் தொடங்கிய தேஸே என்ற கிறிஸ்தவத் துறவறச் சமூகத்தின் ஜெப முறையைப் போல, ஒரு குறும்பல்லவியைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் மெதுவாகப் பாடி, இரண்டு நிமிடம் அமைதியில் இருந்து முடிக்கலாம். மெழுகுவர்த்திக்குப் பதில் மின்கல விளக்கு போதும்.

இந்த வேளையில் பிள்ளைகளை உணர்ச்சிவசப்படுத்தும் போதனை வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். களைப்பும் வீட்டு நினைவும் சேர்ந்த இரவில் அழும் பிள்ளையின் கண்ணீரை விசுவாசத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்வது தவறு. முன்னே வந்து நில், கை உயர்த்து என்ற அழைப்புகள் எதுவும் இரவில் கூடாது.

வீட்டு ஏக்கம் பெரும்பாலும் விளக்கணைந்த முதல் அரை மணி நேரத்தில் வரும். அந்நேரம் இரண்டு பெரியவர்கள் படுக்கையறைக்கு வெளியே, கதவு திறந்திருக்க, பிள்ளைகளுக்குத் தெரியும்படி உட்கார்ந்திருக்க வேண்டும். அழும் பிள்ளையை இருவருமாக வெளிச்சமுள்ள இடத்துக்கு அழைத்து வந்து, ஏக்கம் இயல்பானது என்று சொல்லி, தண்ணீர் கொடுத்து, வீட்டைப் பற்றிப் பேச விடுங்கள். பேச்சை மாற்றுவதைவிடப் பேச விடுவதே விரைவில் ஆற்றும். ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் தணியாவிட்டால் பெற்றோருக்குச் சொல்லிவிடுங்கள். பிள்ளை வீட்டுக்குப் போனாலும் மறுநாள் காலை திரும்பி வரலாம் என்று அவனிடமே சொல்லுங்கள். படுக்கை நனைந்தால் மாற்றுத் துணியும் விரிப்பும் பிறர் அறியாமல் கிடைக்க முன்பே ஏற்பாடு இருக்க வேண்டும்.

ஒன்பதாம் படி: நிறைவு ஆராதனை

இது இருபத்தைந்து நிமிடத்துக்குள் முடியட்டும். பிள்ளைகள் மேடையில் வரிசையாக நின்று பெற்றோரைப் பார்த்துப் பாடினால் அது கச்சேரியாகிவிடும். வெள்ளி இரவு நின்ற அதே வட்டத்தில் நிற்க, பெற்றோர் அவர்களைச் சூழ்ந்து அமரட்டும். வாசிப்பையும் மன்றாட்டுகளையும் பிள்ளைகளே நடத்தட்டும். தெரிந்த பாடலில் பெற்றோரும் சேர்ந்து பாட வேண்டும். கைதட்டலை இறுதிவரை தள்ளிவைக்குமாறு தொடக்கத்திலேயே அன்போடு கேட்டுக்கொண்டால், ஒவ்வொரு பாடலுக்குப் பின்னும் வரும் அமைதியைப் பிள்ளைகள் கேட்பார்கள். படமெடுப்பதைப் பற்றியும் அப்போதே சொல்லிவிடுங்கள். தன் பிள்ளையின் படம் வெளியே போகக் கூடாது என்று விரும்பும் பெற்றோர் ஒருவர் இருந்தாலும் எல்லோரும் அதற்குக் கட்டுப்பட வேண்டும்.

பிள்ளைகளை ஒப்படைக்கும்போது பெயர்ப் பட்டியலோடு ஒருவர் வாசலில் நின்று, உரிமையுள்ளவரிடம் மட்டும் கையொப்பம் பெற்று அனுப்ப வேண்டும். அழுத பிள்ளை, சரியாகச் சாப்பிடாத பிள்ளை, விழுந்து சிராய்த்த பிள்ளை ஆகியோரின் பெற்றோரிடம் நடந்ததை நேரில் சொல்லுங்கள்.

முகாமுக்குப் பின்

இரண்டு நாட்களுக்குள் பணியாற்றியவர்கள் கூடி நிறைகுறைகளை எழுதி வையுங்கள். மருந்துக் குறிப்பேட்டையும் சம்பவப் பதிவுகளையும் சட்டம் சொல்லும் காலம்வரை பாதுகாத்து, தேவையற்ற உடல்நலப் படிவங்களை அழித்துவிடுங்கள்.

அடுத்த வாரப் பயிற்சியை முகாமின் சுழற்பாடலோடு, பியானோ இல்லாமல், வட்டமாக நின்று தொடங்குங்கள். முகாமுக்கு வர முடியாமற்போன பிள்ளைகள் அன்று அந்நியராக உணர்வார்கள். அவர்கள் ஒவ்வொருவர் பக்கத்திலும் முகாமுக்கு வந்த ஒருவரை நிறுத்தி, ராகத்தை அந்தப் பிள்ளையே காதோரம் பாடிக் கற்றுக்கொடுக்கப் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். பயிற்றுநர் அதுவரை பேசாமல் நிற்கட்டும்.